ஆர்சனிக்கைத் தடைசெய்த குடும்பம்

போன செவ்வாய்க்கிழமை நயினாதீவுக்குப் போயிருந்தேன். போகும்போது நன்றாகத்தான் இருந்தேன். போய் அரை மணித்தியாலத்தில் பிரஷர் ஏறிவிட்டது!

என்னோடு படித்த ஜெயந்தி, ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியவள், வீட்டில் கதிரையில் இருக்கிறாள். அவளுக்கு ஒருவகை இரத்தப் புற்றுநோய். திங்கள் முதல் வெள்ளிவரை யாழ்ப்பாணத்தில் மருந்து ஏற்றி, சனி ஞாயிறு வீட்டுக்கு விடுகிறார்கள். அந்தத் திங்கள் அவள் திரும்பிப் போகவேயில்லை.

அவள் தேத்தண்ணீர் போடக் குசினிக்குள் போனதும் கணவர் குகனைப் பிடித்தேன்.

"ஏன் கூட்டிக்கொண்டு போகேல்லை?"

"மெல்லக் கதையுங்கோ அக்கா. என்ன வருத்தமெண்டு அவவுக்குத் தெரியாது. இரத்தம் குறைவெண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறம். ஏத்துற மருந்து ஆர்சனிக்காம்... பாஷாணம்! கனடாவில இருக்கிற அவவின்ர பெரியண்ணை நெட்டில பார்த்தவர். உடன நிப்பாட்டச் சொல்லிப்போட்டார். ஆஸ்பத்திரியில மருந்து முடிஞ்சுதெண்டு அவவுக்குச் சொன்னனான்."

"டொக்டரிட்டக் கேட்டனீரோ?"

"அண்ணை சொன்னாப் பிறகு எப்பிடியக்கா..."

ஜெயந்தியின் வருத்தத்துக்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கனடா, பாரிஸ், லண்டன் – எல்லாரும் அதில் இருக்கிறார்கள். ஜெயந்தி மட்டும் இல்லை.

எனக்கு வந்த கோபம்! ஆர்சனிக் நஞ்சுதான். யார் இல்லையென்றது? இந்த வகைப் புற்றுநோய்க்கு அந்த நஞ்சையே அளந்து, இதயத் துடிப்பையும் இரத்தத்தையும் பார்த்துப் பார்த்து, நாளத்தில் ஏற்றுகிறார்கள். பலர் முழுதாகக் குணமாகி வீட்டுக்குப் போகிறார்கள். நடுவில் நிறுத்தி இவளுக்கு ஏதும் நடந்தால் பெரியண்ணை வந்து பதில் சொல்வாரா? அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் ஓடுவார். தங்கச்சிக்கு மட்டும் கூகிள் போதுமாம்!

குசினி வாசலில் ஜெயந்தி நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"எனக்குக் கான்சரெண்டு முதல் கிழமையே தெரியும்," என்றாள் குகனிடம். "அந்த வாட்டில வேற என்ன வருத்தத்துக்குப் படுத்திருக்கினம்? நீங்கள் பயப்படுவியளெண்டுதான் பேசாமல் இருந்தனான். மருந்து முடிஞ்சுதெண்டு சொன்னதைத்தான் நம்பிப்போட்டன்."

அழவில்லை. உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்கு நடந்தாள். நானும் குகனும் பின்னால் ஓடினோம்.

படகு புறப்பட்டதும் குகனின் போன் சத்தமிட்டது. குழுவில் பெரியண்ணை எழுதியிருந்தார்: "ஜெயந்திக்கு ஒண்டும் தெரிய வரக்கூடாது. தாங்கமாட்டாள்."

எங்களுக்கு அதை உரத்து வாசித்துக் காட்டியது ஜெயந்திதான்.