காருக்குள் பாடிய பாட்டு

பாக்யலட்சுமி மும்பையில் ஒன்பது வருஷம் இந்திப் படங்களுக்குப் பாடினாள். ஒரு படத்திலும் அவள் குரல் வரவில்லை. அவள் ட்ராக் பாடகி. மெட்டுப் போட்டதும் முதலில் பாடிக்கொடுப்பது அவள் வேலை; அதைக் கேட்டுப் பழகிப் பெரிய பாடகி பாடியதும் அவளுடையதை அழித்துவிடுவார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து போனவளை முதலில் மிரட்டியது மெட்டல்ல, எழுத்து. ஒரே ஒரு 'க'வை வைத்துக் குடித்தனம் நடத்தியவளிடம் இந்தி நாலு 'க'வை நீட்டியது. தினமும் காய்கறிக்காரர்களிடம் வேண்டுமென்றே பேரம் பேசி, ஆறே மாதத்தில் நாலையும் வசப்படுத்திவிட்டாள்.

பிறகு கல்யாணம். கணவர் வரதராஜனுக்கு ஆக்லாந்து நகர மையத்தில் கம்ப்யூட்டர் வேலை; புறநகரான பாபகூராவில் வீடு. அவள் பாட்டனி டவுன்ஸ் பகுதியில் ஒரு திரைச்சீலைக் கடையில் சேர்ந்தாள். துணியை அளக்கும்போது முணுமுணுப்பாள். உடன் வேலை செய்யும் இராசமலர், "கொஞ்சம் சத்தமாப் பாடுங்கோ அக்கா, எனக்கும் பொழுது போகும்" என்பாள்.

போன குளிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மும்பையிலிருந்து போன். அவள் அங்கே பாடிய நாளில் உதவியாளராக இருந்த ஒருவர் இப்போது இசையமைப்பாளர்; அவர்தான் கூப்பிட்டார். நாளை பெரிய பாடகி வருகிறார்; இன்றைக்குள் ட்ராக் வேண்டும். வழக்கமாகப் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம்.

பாக்யலட்சுமி உடனே ஒப்புக்கொண்டாள். ஆனால் தகரக் கூரையில் மழை கொட்டு மேளம் கொட்டிக்கொண்டிருந்தது.

"கராஜ்ல கார் நிக்குதே, அதுக்குள்ள உக்காந்து பாடு. கதவச் சாத்திட்டா ஒரு சத்தமும் வராது" என்றார் வரதராஜன்.

வீட்டில் இருந்த போர்வையெல்லாம் எடுத்துக் காரைச் சுற்றிப் போர்த்தினார்கள். இராசமலரின் கணவர் கோயில் நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைப்பவர். அவருடைய மைக்கை இராசமலரே கொண்டுவந்தாள். வரதராஜன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். முதல் தடவை அவர் தும்மினார். இரண்டாவது தடவை அவர் முழங்கை ஹாரனில் பட்டது. அவரை இறக்கி விட்டபின் பாட்டு ஒரே மூச்சில் முடிந்தது.

பத்து நாள் கழித்து, கடையில் நீலத் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது மறுபடி போன்.

"அந்தம்மா உங்க ட்ராக்கக் கேட்டாங்க. ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு, 'இதுல நான் பாட என்ன மிச்சம் இருக்கு? இவங்களையே வச்சுக்குங்க'ன்னு போயிட்டாங்க" என்றார் இசையமைப்பாளர் இந்தியில்.

பாக்யலட்சுமி மூன்று மீட்டருக்குப் பதிலாக நாலு மீட்டர் வெட்டினாள்.

படம் வந்ததும் மூவரும் பார்க்கப் போனார்கள். கதாநாயகி பஸ் ஏறும்போது பாட்டு தொடங்கியது. "உங்கட குரல் அக்கா, உங்கட குரல்!" என்று இராசமலர் கத்தியதில் முன்வரிசை முழுக்கத் திரும்பியது. வரதராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாக்யலட்சுமிக்கோ, இரண்டாம் சரணத்துக்கு முன் மூச்சு கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டதோ என்றே கவலை.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஒரு பஞ்சாபிப் பெண் அந்தப் பல்லவியை முணுமுணுத்தபடி சாவி தேடிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கோவன் அக்கா, நீங்கள்தான் பாடினதெண்டு."

"சும்மா இரு மலர், கூச்சமா இருக்கு."

இராசமலரா சும்மா இருப்பாள்? ஓடிப்போய்ச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் நம்பவில்லை. பாடினால்தான் நம்புவேன் என்று காரில் சாய்ந்து நின்றுகொண்டாள். பாக்யலட்சுமி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, குளிரில் ஆவி பறக்க, முதல் வரியை எடுத்தாள்.