பத்துக் கிலோ என்று பொறித்த கல்

மாத்தளையில் நான் காலையில் உடற்பயிற்சி செய்தால் வேலிக்கு வெளியே ஆள் கூடுகிறது. நேற்று ஏழு பேர். டொராண்டோ பூங்காவில் இருபத்திரண்டு வருடங்களாக ஒருவரும் நின்று பார்த்ததில்லை. அங்கே முதலில் கெட்டில்பெல் என்னும் பிடிவைத்த இரும்புக் குண்டை வீசுவேன். பிறகு காற்றைத் தள்ளுவதுபோல மெதுவாகத் தைச்சி என்னும் சீனப் பயிற்சி. எங்கள் சீன ஆசிரியை இரண்டையும் சேர்த்தே கற்பித்தார்.

எனக்கு வயது எழுபத்தொன்று. மனைவி கமலா நாற்பத்தெட்டுக் கிலோ. பக்கவாதம் வந்தபின் முதியோர் இல்லம்தான் வழி என்றாள் மகள். ஆறு மாதம் தவணை கேட்டு ஊருக்கு அழைத்து வந்தேன். அதற்குள் நானே அவளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக் காட்டவேண்டும். இரும்புக் குண்டைப் பயணப்பெட்டியில் கொண்டுவர முடியவில்லை. தம்புள்ளையில் ஒரு காய்கறிக் கடையில் தராசுக்கு வைத்திருந்த, பிடியுள்ள பழைய இரும்புப் படிக்கல்லை வாங்கினேன். மேலே பத்துக் கிலோ என்று பொறித்திருந்தது. அதை ஐம்பது தடவை வீசிய அன்று, உதவிக்கு வரும் பெண்ணை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டுக் கமலாவைத் தூக்கினேன்.

மூன்றாவது நொடியில் முழங்கால் மடங்கியது. அவள் தலைக்கும் சீமெந்துத் தரைக்கும் இடையே ஒரு சாண்தான். "விட்டுறாதீங்க" என்றாள். அந்தப் பெண் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வியாபாரி பளீல் நானா ஓடிவந்து தாங்கினார். என் நாடித்துடிப்பு நூற்றுப் பதினெட்டு.

பிறகு அவர் முற்றத்தில் கிடந்த கல்லைப் புரட்டினார். "மாஸ்டர், இதுல பத்து எங்க இரிக்கி? அடியக் கொடஞ்சிருக்கிறாங்க. இது விக்கிற கல்லு. வாங்குறதுக்கு வேற வச்சிருப்பாங்க."

"எவ்வளவு இருக்கும்?"

"தாராளமாச் சொன்னா எட்டர. கிழங்கு வாங்க வாறவங்களத்தான் இது ஏமாத்தும்னு நெனச்சேன்."

கணக்குப் படிப்பித்தவன் நான். இரும்பில் பொறித்ததை அப்படியே நம்பும் பழக்கத்தை அந்த நாட்டில்தான் பிடித்துக்கொண்டேன். அன்றிரவு கமலாவின் மாத்திரைகளை நான்கு முறை எண்ணினேன். எந்த எண்ணிலும் கால் ஊன்ற முடியவில்லை.

மறுநாள் உதவிப் பெண்ணின் பஸ் வரவில்லை. "எழுப்புங்க" என்றாள் கமலா. பாரத்தைக் காலுக்கு இறக்குங்கள் என்று ஆசிரியை சொன்னபோது, குண்டைத் தரையில் வைத்துவிட்டு நின்றவன் நான். இப்போது முழங்காலைத் தளர்த்தி, மூச்சை விட்டு, உடம்பின் பாரம் காலுக்குப் போகக் கீழே இறங்கினேன்.

"ஒண்ணு, ரெண்டு..."

"எண்ணாதீங்க. நீங்க எண்ணுனாத்தான் எனக்குப் பயம். சும்மா நில்லுங்க, நான் பிடிச்சிக்கிறேன்."

வலது கையால் என் கழுத்தைப் பற்றி எழுந்தாள். ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் நாற்காலி. எதிலும் சேராமல் இருவரும் நடுவில் நின்றோம். அவள் வலது காலுக்கு மட்டும்தான் உணர்வு உண்டு.

"தரை குளிருதுங்க" என்றாள்.

எந்தக் காலுக்கு என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.