சீட் பெல்ட்டில் சேறு

பெரியப்பா கார் வாங்கப் போகிறார் என்று கேட்ட அன்றே எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்பத்தில் அவருக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. அப்பாவோ ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பை ஓட்டினார். அதுவும் அடுத்தவர் ஜீப். பெரியப்பா மகள், என்னைவிட ஒரு வயது மூத்த அக்கா, முன் சீட் தனக்குத்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிப் பட்டா போட்டுவிட்டாள்.

பழைய கார்தான். ஆனால் அது கேரளாவில் வெள்ளம் வந்துபோன வருடம். தண்ணீரில் மூழ்கிக் கிடந்த வண்டிகளைத் துடைத்து மெருகேற்றி, மலைக்கு இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அதனால் பெரியப்பா, வண்டி தெரிந்த தம்பியை, அதாவது என் அப்பாவை, தேனிக்கு அழைத்துப் போனார். நானும் அக்காவும் தொற்றிக்கொண்டோம்.

சிவப்புக் கார். பார்த்ததும் வயிறு பற்றி எரிந்தது.

அப்பா பானட்டைத் திறந்து பார்த்தார். காலடி விரிப்பைத் தூக்கி மோந்தார். பிறகு சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். வெளியே எவ்வளவு கழுவினாலும், உள்ளே சுருண்டு கிடக்கும் பெல்ட்டில் ஒட்டிய சேறு காட்டிக்கொடுத்துவிடுமாம். சேறு இருக்க வேண்டும் என்று வீரபாண்டி அம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். அம்மனுக்கு அன்று வேறு வேலை இருந்திருக்கும். பெல்ட் புதுசு மாதிரி வந்தது.

"சுத்தமான வண்டிண்ணே. கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்றார் அப்பா.

ஒரு பொய் சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

பெரியப்பா ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். அக்கா முன் சீட்டில் ஏறி, கண்ணாடியில் முடியை ஒதுக்கினாள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வண்டி ரோட்டுக்குப் போனதும், அதை விற்றுக்கொடுக்கும் புரோக்கர் அப்பாவிடம் கேட்டார்.

"போன மாசம் நீங்க வந்து இதே பெல்ட்ட இழுத்துப் பாத்துட்டுப் போனீகளே. வீட்ல பிள்ள கார் கார்னு ஆசப்படுதுன்னீக. இப்ப அண்ணனுக்குப் பேசி விடுறீக?"

"யாரு எடுத்தா என்ன, நம்ம வீட்டு வண்டிதான" என்றார் அப்பா.

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அந்தப் பிள்ளை யாரென்று எனக்கு உறைக்கவில்லை. போன மாதமே வந்து பார்த்தும் அப்பா ஒரு குறைகூடக் கண்டுபிடிக்கவில்லையே என்ற ஆத்திரத்தில், கம்பம் வந்து சேரும்வரை அவரோடு பேசவே இல்லை.