ஓரம் விடாமல் வெட்டிய ஃபிராக்

வேலை விட்டு அக்கா வீட்டுக்குள் நுழையும்போது அவளுக்கு முன்னால் நுழைவது 'சொல்யூஷன்' வாசனை. ஷூவின் மேல்தோல் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டுகிற பசை அது. எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது, சோறு பிசையும்போதும் அடிக்கும், எனக்குத் தலை பின்னிவிடும்போதும் அடிக்கும். "தூரப் போக்கா, நாறுது" என்று மூக்கைப் பிடித்துக்கொள்வேன். ஆனால் அவள் குளிக்கப் போன பிறகு அவளுடைய கம்பெனி கோட்டை எடுத்து ரகசியமாக முகர்ந்து பார்க்கிறவளும் நான்தான், ஏனென்றால் அது சம்பாதிக்கிறவர்களின் வாசனை, அது என்னிடம் இல்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு முடிந்து பதிமூன்று, அவளுக்குப் பத்தொன்பது. மாதனூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. அப்பாவுக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை, அம்மா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. அக்கா பன்னிரண்டாவது முடித்த கையோடு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் லைனில் போய் உட்கார்ந்துவிட்டாள். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு, வாசல் முனையில் அவளுக்காகவே ஹாரன் அடித்து நிற்கும் கம்பெனி பஸ், அதில் அவளுக்கென்று ஒரு ஜன்னல் சீட்டு, அவள் வந்தால் மட்டும் அம்மா போடும் இரண்டாவது டீ, இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி, இப்படி அவளிடம் இருந்த ஒவ்வொன்றையும் நான் கணக்காகப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருந்தேன். அதில் எண்ணெய் ஊற்றுவதற்கென்றே அம்மா இருந்தாள். "அவ கைல இன்னா குடுத்தாலும் பூ மாதிரி முடிச்சிக் குடுத்துடுவா. உனக்கு வாய் ஜாஸ்தி, வேலை கம்மி" என்பாள், அதுவும் ஆட்கள் இருக்கும்போது பார்த்துச் சொல்வாள்.

அந்த வருஷம் சித்திரை வெயிலில் அக்காவின் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு 'பையர் மேடம்' வந்தாராம். ஷூ வாங்குகிற கம்பெனியின் ஆள், தைக்கிற லைனைப் பார்க்க வந்தவர். உடம்பில் ஒட்டாமல், கணுக்கால் வரைக்கும் அலை அலையாக விழுகிற ஒரு பூப்போட்ட கவுன் போட்டிருந்தார் என்றும், அவர் பெரிய ஃபேனுக்கு முன்னால் நின்றபோது அந்தக் கவுன் அப்படியே பக்கவாட்டில் பறந்தது என்றும், லைனில் இருந்த எல்லாப் பொண்ணுங்களும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள் என்றும் அக்கா சொல்லச் சொல்ல அவள் கண் எங்கேயோ இருந்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், தோலில் குறி போடுகிற சில்வர் பேனாவால் அந்தக் கவுனை வரைந்து காட்டினாள். "இதையே நான் தைக்கப் போறேன்டி, ஆறு பீஸ் வெச்சி, அம்பர்லா கட். சுத்துனா குடை மாதிரி விரியும்" என்றாள்.

எதற்கு என்றால், வி.பி.எஸ். நிறைவு நாளுக்கு. கோடை விடுமுறையில் எங்கள் சபையில் பிள்ளைகளுக்குப் பாட்டும் பைபிள் கதையுமாகப் பத்து நாள் நடக்கும் பள்ளி அது. கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெற்றோர்கள் எல்லாரும் வந்து உட்காருவார்கள், பிள்ளைகள் மேடையில் 'ஆக்‌ஷன் சாங்' பாடுவார்கள், அந்தப் பாட்டுக்கு முன்னால் நின்று கையும் காலும் ஆட்டிச் சொல்லிக்கொடுக்கிறவள், வேறு யார், எங்கள் அக்காதான்.

ஆம்பூர் பஜாரில் துணி எடுக்கப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். கடைக்கார பாய், வெங்காயத் தோல் நிறத்தில் பொடிப்பொடி வெள்ளைப் பூ போட்ட ஜார்ஜெட்டை மேசை முழுக்க உருட்டிவிட்டார். கையை உள்ளே விட்டால் வெறும் காற்றில் விட்ட மாதிரி இருந்தது. அக்கா நாலரை மீட்டர் என்றாள். "பாப்பாவுக்கும் சேத்து எடுத்துடும்மா" என்று பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அக்காவின் முழங்கையைக் கிள்ளினேன். "ஏன்டி பேஜார் பண்ற, மிச்சம் வந்தா பாக்கலாம்" என்றாள். மிச்சம்! அவளுடைய பழைய சுடிதார், பழைய செருப்பு, பழைய ஸ்கூல் பை என்று மிச்சத்திலேயே வளர்ந்தவள் நான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தத் துணிப் பையை என் மடியில்தான் வைத்திருந்தேன், அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் அவளுக்கு லீவு. சிமெண்ட் தரையைத் துடைத்துவிட்டு ஜார்ஜெட்டை விரித்தாள். ஷூ டப்பா அட்டையில் ஆறு பீஸுக்கும் மேல்சட்டைக்கும் கைக்கும் தனித்தனியாக அளவு வெட்டி வைத்திருந்தாள், கம்பெனியில் செய்கிற மாதிரியே. அந்த அட்டைகளைத் துணியின் மேல் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, ஒன்றை நேராக, அடுத்ததைத் தலைகீழாக, விரல் நுழைய இடமில்லாமல் நெருக்கி வைத்தாள். அட்டையைச் சுற்றி சில்வர் பேனாவால் கோடு போட்டாள். கத்தரிக்கோலை எடுத்து அந்தக் கோட்டின் மேலேயே வெட்டத் தொடங்கினாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் செய்வது தப்பு என்று எனக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் தையல் வகுப்பு உண்டு, கைக்குட்டையும் தலையணை உறையும் தைக்கக் கற்றுக்கொடுப்பார்கள். ஓரம் விடாமல் வெட்டியதற்காகத் தையல் டீச்சர் ஸ்கேலால் என் விரல் மொளியில் அடித்து, "அரை இஞ்ச் விடணும், இல்லன்னா நூல் பிரிஞ்சி தையல் கையோட வந்துடும்" என்று சொல்லி ஒரு மாசம்கூட ஆகவில்லை. அக்காவுக்கு அது தெரிய வழியில்லை. அவள் அதுவரை தைத்தது எல்லாம் தோல். தோலுக்கு ஏது நூல்? வெட்டிய இடத்தில் வெட்டியபடி நிற்கும். விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தையல் ஓட்டினால் ஷூ கிழிந்தாலும் தையல் கிழியாது. அதற்கு மேல் ஓரம் விட்டால் தோல் வீணாகிறது என்று சூப்பர்வைசர் கத்துவார். அந்தக் கணக்கில்தான் அவள் ஜார்ஜெட்டை வெட்டிக்கொண்டிருந்தாள்.

சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், "அக்கா" என்றுகூடக் கூப்பிட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்து டியூட்டி முடிந்து அம்மா உள்ளே வந்தாள். தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்து, "அடேயப்பா, டைலர் தோத்தான்! எவ்ளோ நறுவிசா வெட்டியிருக்கா பாரு. நீயும் இருக்கியே, ஒரு கைக்குட்டையை ஒழுங்கா வெட்டத் தெரியல" என்றாள். அக்கா என் பக்கம் திரும்பி, "இன்னாடி கூப்ட்ட?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாளும் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி முகம் கழுவிவிட்டு, வீட்டிலிருந்த பழைய தையல் மெஷினில் உட்கார்ந்து தைத்தாள். ஒவ்வொரு தையல் முடிந்ததும் மடிப்புப் படிய வேண்டும் என்று துணியைக் கல்லின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் 'டொக் டொக்'கென்று தட்டினாள், அதுவும் ஷூ தைக்கிறவர்கள் பழக்கம். ஜார்ஜெட்டைச் சுத்தியலால் தட்டியவள் உலகத்திலேயே எங்கள் அக்கா ஒருத்திதான் இருப்பாள். அப்பா சிரித்தார், அம்மா சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. சனிக்கிழமை போட்டுப் பார்த்துக் கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள். குடை என்ன குடை, வீட்டுக்குள் காற்றே திசை மாறியது. அவ்வளவு அழகாக இருந்தாள், எனக்கு அழுகை வந்துவிட்டது. "கண்ணு பட்டுடப் போவுது" என்று அம்மா நெட்டி முறித்தாள். அக்கா குளிக்கப் போனபோது கொடியில் தொங்கிய ஃபிராக்கின் இடுப்புத் தையலை இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தேன். நூல்கள் விலகி, தையலுக்கும் துணிக்கும் நடுவில் என் விரல் தெரிந்தது. கையால் நீவி, இருந்த மாதிரியே சரிசெய்து வைத்துவிட்டு வந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சபை நிறைந்திருந்தது. மேடையில் நாங்கள் நாற்பது பிள்ளைகள், நான் முதல் வரிசை, எங்களுக்கு எதிரே அக்கா. முதல் சரணத்தில் கைதட்டல், இரண்டாவதில் குனிந்து நிமிர்வது, மூன்றாவதில் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி ஒரு சுற்று. அவள் கையைத் தூக்கினாள். சத்தமே வரவில்லை. அக்குளுக்குக் கீழே வெங்காயத் தோல் நிறம் பிளந்து உள்ளே வெள்ளை சிம்மீஸ் தெரிந்தது. சுற்றி வரும்போது இடுப்பில் ஒரு பீஸ் விட்டுத் தொங்கியது, அடுத்ததும் விட்டது. சட்டென்று இரண்டு கையையும் விலாவோடு இறுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பாட்டை மட்டும் நிறுத்தாமல் பாடிக்கொண்டே நின்றாள். அதுதான் புது ஆக்‌ஷன் என்று நினைத்துக்கொண்டு நாற்பது பிள்ளைகளும் கையை விலாவில் இறுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாடினோம். சபையே சிரித்தது. நானும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது, கண் மட்டும் கூட்டத்தில் அம்மாவைத் தேடியது. பாட்டு முடிந்ததும் அம்மா ஓடிவந்து முந்தானையால் சுற்றி அவளை அழைத்துப் போனாள். இதற்குத்தானே ஆசைப்பட்டாய், சந்தோஷப்படேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வரவில்லை.

வீட்டில் அம்மா ஃபிராக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "ஓரமே விடலியேடி! இத்தினி நாளா மெஷின்ல உக்காந்துக்கினு இருக்க, துணிக்கு ஓரம் விடணும்னு தெரியாதா?"

"ரெண்டு எம்.எம். போதும்னு நெனச்சேன்மா. நெருக்கி வெட்டுனா துணி மிச்சம் புடிக்கலாமேன்னுதான்."

"மிச்சம் புடிச்சி இன்னா பண்ணப் போற?"

அக்கா எழுந்து போய் மெஷின் மூடிக்கு அடியிலிருந்து மடித்து வைத்த ஜார்ஜெட்டை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். "இவளுக்குத்தான். பஜார்ல கையைக் கிள்ளிக்கினே இருந்தா" என்றாள். ஒரு மீட்டருக்கு மேல் இருந்தது.

அந்த இடத்தில் நான் குற்ற உணர்ச்சியில் கூனிக்குறுகிப் போனேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அது அப்புறம் வந்தது. முதலில் வந்தது கோபம். அடிப்பாவி, இதிலும் நீதான் நல்லவளா? எனக்கு ஒரு இடம்கூட விட்டுவைக்க மாட்டாயா? துணியை அவள் மேலேயே தூக்கிப் போட்டுவிட்டுப் பின்வாசலில் போய் உட்கார்ந்து அழுதேன். அக்காவுக்காக அழுகிறேன் என்று நினைத்து அம்மா வந்து என் தலையைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கையைத் தட்டிவிடவும் எனக்குத் துணிவில்லை.

அடுத்த வாரமே அந்தத் துணியில் எனக்கு ஃபிராக் வெட்ட அக்கா உட்கார்ந்தாள். "உங்க தையல் டீச்சர் ஓரம் எவ்ளோ விடச் சொல்லுவாங்க?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். யோசிக்காமல், "அரை இஞ்ச்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. கத்தரிக்கோலைப் பிடித்தபடி அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஸ்கேலை எடுத்து, கோட்டுக்கு வெளியே அரை இஞ்ச் அளந்து இன்னொரு கோடு போட்டாள்.

என் ஃபிராக் பிரியவே இல்லை. இரண்டு வருஷம் உழைத்தது, அந்தத் தையல் ஒரு இடத்தில்கூட விடவில்லை. போடும்போதெல்லாம் யாராவது "யார் தெச்சது, நல்லாருக்கே" என்பார்கள். "எங்க அக்கா" என்பேன்.

இப்போது நான் வேலூரில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறேன், அக்கா ஆம்பூரில் ஒரு தையல் லைனுக்கே சூப்பர்வைசர். என் ஃபிராக் உறவுக்காரப் பெண்ணுக்குப் போய் அங்கேயே கிழிந்தது. அவளுடையது தலையணை உறையாகி, பிறகு மெஷின் துடைக்கிற துணியாகி இல்லாமல் போனது. மெஷினும் போய்விட்டது, அந்தச் சபைக் கட்டடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள், அப்பாவும் அம்மாவும் இல்லை. அன்றைக்கு நடந்ததற்குச் சாட்சியாக மிச்சம் இருப்பது நாங்கள் இருவர்தான். போன மே மாதம் அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, இனியும் முடியாது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: எனக்குத் தெரியும் என்பதை, கூப்பிட்டுவிட்டு ஒண்ணுமில்ல என்றதை, கொடியில் தொங்கியதை இழுத்துப் பார்த்ததை.

"எந்த ஃபிராக்டி?" என்றாள்.

வெங்காயத் தோல் நிறம், வி.பி.எஸ்., நாற்பது பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லையே. இதையெல்லாம் போய் நெனச்சிக்கினு இருக்கியா? சாப்புடு, ஆறிடப் போவுது" என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

நிஜமாகவே மறந்துவிட்டாளா, எனக்காக மறந்த மாதிரி இருக்கிறாளா என்று அவள் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. மறந்திருந்தால், இத்தனை வருஷம் என்னை அரித்தது அவளை ஒருநாள்கூடத் தொடவில்லை. மறக்கவில்லை என்றால், அவள் என்னை மன்னித்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இரண்டில் எதுவானாலும் அவள்தான் மேலே நிற்கிறாள். தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். எனக்கு வயது முப்பத்திரண்டு, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவளைப் பார்த்து வயிறு எரிந்தது.