இருக்கிற ஆளை இடம் மாற்றுகிறவன்

புதிதாக ஆள் எடுக்கிறவனுக்கு எந்த ஊரிலும் காப்பி கிடைக்கும். இருக்கிற ஆளை இடம் மாற்றுகிறவனுக்கு உட்கார நாற்காலிகூடக் கிடைக்காது. தஞ்சாவூரில் ஒரு மேன்பவர் ஏஜென்சியில் நான் பார்த்தது இந்த இரண்டாவது வேலை. ஆஸ்பத்திரி, அரிசி ஆலை, காலேஜ் என்று நாங்கள் ஆள் அனுப்பியிருக்கும் இடத்தில் 'இவர் இனி வேண்டாம்' என்று சொல்லிவிட்டால், அவரை வீட்டுக்கு அனுப்பாமல் வேறு வேலையில் பொருத்திவிட வேண்டும். நல்ல காரியம்தானே என்பீர்கள். இதே வேலை பார்த்தவர்கள் மட்டும் பெருமூச்சு விடுவார்கள்.

குரல் நல்ல குரல்

கும்பகோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வாசலில் வருகிறவர்களை விசாரித்து டோக்கன் கொடுக்கும் இடத்தில் எங்கள் வசந்தா பல வருஷமாக இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். பெரிய டாக்டரின் மகன் நிர்வாகத்துக்கு வந்ததும், வாசலுக்குச் சின்ன வயசுப் பெண்தான் வேண்டும் என்றார். உள்ளே போன் எடுக்கும் வேலை காலியாக இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அதை வசந்தாவுக்கு வாங்கினேன்.

சம்பளம் குறையாது, நாளெல்லாம் நிற்க வேண்டாம், உங்கள் குரல் நல்ல குரல் என்று பெரிய டாக்டரே சொன்னார் என்றெல்லாம் அடுக்கினேன். வசந்தா அந்த அறையை எட்டிப் பார்த்தார். ஜன்னல் இல்லை. கைப்பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினார். "மூஞ்சி வேணாம், குரல் மட்டும் இருக்கட்டுங்கிறாங்க. அதானே சார்?"

கேட்டுக்கு உள்ளே

திருத்துறைப்பூண்டிப் பக்கம் வயலுக்கு நடுவே எரிவாயுக் கிணறு தோண்டுவதற்கு வேலி போட்டார்கள். காவலுக்கு எங்கள் ஆள் செல்வராஜ். அதே ஊர்க்காரர். அப்பா காலம் வரைக்கும் பண்ணைக் கூலிக்குப் போன குடும்பம். யூனிபார்ம் போட்ட முதல் ஆள் இவர்தான். வேலியை ஒட்டினாற்போல அண்ணன் குத்தகைக்கு உழுத நிலம்.

நிலத்தடி நீர் கெட்டுப்போகும், விளைச்சல் போய்விடும் என்று ஊரே திரண்டு வந்து கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தது. ஆளுங்கட்சிக் கரைவேட்டியும் எதிர்க்கட்சிக் கரைவேட்டியும் ஒரே பாயில் உட்கார்ந்ததை அங்கேதான் பார்த்தேன். முன்வரிசையில் செல்வராஜின் அண்ணனும் அண்ணியும். உள்ளூர்க்காரன், என்றைக்காவது கேட்டைத் திறந்துவிடுவான் என்று உள்ளே இன்ஜினீயருக்குப் பயம். கூலிக்கு ஊரைக் காட்டிக் கொடுக்கிறான் என்று வெளியே கோபம். நான் போன அன்று அண்ணன் எழுந்து வந்து கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உள்ள நிக்கிறவன் என் தம்பி இல்ல" என்று கத்தினார். செல்வராஜ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எங்கேயோ பார்த்தபடி நின்றார். வீட்டிலிருந்து மதியச் சாப்பாடு வருவது அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது.

பேராவூரணியில் ஒரு தென்னை நார் ஆலையில் எடை போடும் வேலை இருந்தது. தங்க அறையும் உண்டு. ஆளை மாற்றச் சொல்லி இன்ஜினீயரும் கேட்டிருந்தார், செல்வராஜுக்கும் அதுதான் நல்லது. பஸ்ஸில் பட்டுக்கோட்டை வரை நானும் கூடப் போனேன். நான் இறங்க எழுந்தபோது செல்வராஜ் கேட்டார்: "அங்க யாராச்சும் எந்த ஊருன்னு கேட்டா, என்ன சார் சொல்லட்டும்?"

மாடிக்கு ஒருத்தர்

சீர்காழிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கல் பொறுக்கும் பெண்கள் நாலு பேர், எல்லோரும் ஒரே தெரு. அந்த வேலைக்கு மெஷின் வந்துவிட்டது. அவர்களை ஒரு காலேஜில் துப்புரவு வேலைக்கு மாற்றினேன். சம்பளம் கூடுதல், பி.எஃப். உண்டு. முதல் நாள் நாலு பேரும் சிரித்துக்கொண்டேதான் வேனில் ஏறினார்கள். காலேஜில், சேர்ந்திருந்தால் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்று மாடிக்கு ஒருத்தராகப் பிரித்துவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்துப் பார்க்கப் போனேன். நால்வரில் மூத்தவரான அஞ்சம்மாள், மேல்மாடியில் காலி வகுப்பறை ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். குறை ஏதாவது உண்டா என்று கேட்டேன். "குறை என்னங்க, சம்பளம் சரியா வந்துடுது. காலையிலேர்ந்து நான் வாயத் தொறந்தது இப்ப உங்ககிட்டதான்."

சும்மா வந்தேன்

மகள் பிரசவத்துக்கென்று சிங்கப்பூர் போன என் மனைவி, பேரனை விட்டுவர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளாமல் சீர்காழி கோயிலுக்குப் பஸ் ஏறினேன். சாமி கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கப் போனால், எங்கள் ஏஜென்சி வாட்ச்மேன்கள் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுத்துணை கிடைத்தது என்று எனக்குச் சந்தோஷம். அவர்களோ எழுந்து வணக்கம் வைத்தார்கள். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு நழுவினார்கள்.

"இன்னிக்கு யாரு சார்?" என்றார் கடைக்காரர். யாரும் இல்லை, சும்மா கோயிலுக்கு வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. டீயை ஆற்றி என் முன்னால் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பேங்க் வாசல்ல நிக்கிறவன் என் மச்சான் சார். அவனா இருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க."

இத்தனை பேருக்கு வேலை மாற்றிக் கொடுத்ததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் கல்யாண மொய் மிச்சமானதுதான். ஒருவரும் எனக்குப் பத்திரிகை வைத்ததில்லை.