தையலக்கா தைத்த ஆடு

டிசம்பர் பிறந்தால் தையலக்காவுக்கு இடுப்பு வலி வந்துவிடும். இருபது வருடமாக அப்படித்தான். நவம்பர் கடைசியிலேயே வீட்டு வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கும். பிளவுஸ், பாவாடை, பிள்ளைகளின் கவுன், போன வருடத்துப் பேன்ட்டை இறக்கிவிடுவது என்று துணி மலையாகக் குவியும். "கிறிஸ்துமஸுக்குள்ள தந்துருவீங்கல்ல அக்கா?" என்று கேட்பவர்களுக்கு, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே தலையை ஆட்டுவாள். வாயில் குண்டூசி இருந்தால் பொய் சொல்ல வேண்டியதில்லை என்பது அவளுடைய தொழில் ரகசியம்.

இந்த வருடமும் டிசம்பர் பிறந்தது. இடுப்பு வலிக்கவில்லை. ஒரு துணிகூட வரவில்லை.

அவள் கணவர் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவர் முன்னால் இந்த நாட்டுக்கு வந்து, வேலை நிலைத்து, வீடு பார்த்து, பிறகு குடும்பத்தை வரவழைத்தார். இவர்கள் வந்து நான்கு மாதம் ஆகிறது. மூன்றாவது மாடியில் இரண்டு அறை. பீரோ வாங்கிப் போட்டால் கட்டிலுக்கு இடமில்லை, கட்டில் போட்டால் பீரோ திறக்காது. கடைசியில் கட்டில் ஜெயித்தது. துணிமணி எல்லாம் வந்த பெட்டிகளிலேயே குடியிருந்தன.

தையலக்காவுக்கு ஒரு ஹோட்டலின் துணி அறையில் வேலை கிடைத்தது. கிழிந்த படுக்கை விரிப்புக்கு ஓரம் அடிக்க வேண்டும், பிரிந்த தலையணை உறையை மூட்ட வேண்டும், பரிமாறுகிறவர்களின் கோட்டுக்குப் பட்டன் வைக்க வேண்டும். "எட்டு மணி நேரம் சுண்ணாம்பு அடிச்சிட்டு வர்ற மாதிரி இருக்குங்க. எங்க பார்த்தாலும் வெள்ளை," என்பாள் கணவரிடம். ஒரு பூப்போட்ட துணியைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று விரல் விட்டு எண்ணுவாள்.

இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது. சின்னவளுக்கு ஆறு. ஆள்தான் சிறுசு, வாய் காரம், அதனால் வீட்டில் அவள் 'கடுகு'. வீட்டின் வாயும் காதும் பெரியவள்தான். கரண்ட் பில்லா, மாடிப்படியில் ஒட்டிய அறிவிப்பா, டாக்டர் எழுதிய சீட்டா, எல்லாம் அவள் கையில்தான் போய் நிற்கும். எலி ரொட்டியைக் கடிப்பது போல இந்த நாட்டு மொழியை அவள் ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டு வந்தாள். நடுப்பகுதி இன்னும் பாக்கி இருந்தது.

அப்படி ஒரு நாள் கடுகின் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெரியவள் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, விரலை வைத்துக்கொண்டு படித்தாள்.

"கிறிஸ்து பிறப்பு நாடகமாம்மா. நம்ம கடுகுக்கும் வேஷம் இருக்கு. டிரஸ் வீட்டுல இருந்து கொண்டு வரணுமாம்."

"என்ன வேஷம்?"

"ஆடு."

தையலக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "வெள்ளாடா, செம்மறியா?"

"அதெல்லாம் போடல."

"பெத்லகேம்ல வெள்ளாடு எங்க? செம்மறிதான்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் கணவர். அந்த ஊருக்கு ஏதோ நேரில் போய் வந்தவர் போலப் பேசினார்.

அன்றிலிருந்து தையலக்காவின் நடையே மாறிவிட்டது. துணிக்கு எங்கே போவது என்பதுதான் யோசனை. மறுநாள் வேலையில், ஒதுக்கிப் போட்ட குளியல் துண்டுகள் ஒரு மூட்டையாகக் கிடப்பதைப் பார்த்தாள். கனத்த துண்டு, சுருள் சுருளாக நூல். ஆட்டுத் தோலைத் தைப்பதற்கென்றே நெய்தது போல இருந்தது. ஆனால் கேட்பது எப்படி? துணி அறைக்கு ஒரு மேற்பார்வைக்காரி உண்டு. சிரித்து யாரும் பார்த்ததில்லை. தையலக்காவுக்கு அந்த மொழியில் தெரிந்தது 'வணக்கம்', 'நூல் தீர்ந்தது', 'நாளை வருகிறேன்' மட்டுமே.

மூட்டையைக் காட்டினாள். தன்னைக் காட்டினாள். இடுப்பளவு கையை வைத்து, சின்னப் பிள்ளை என்று காட்டினாள். மேற்பார்வைக்காரியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வேறு வழியில்லை. தையலக்கா இரண்டு கைகளையும் காதருகே வைத்துக்கொண்டு, "ம்ம்மே..." என்றாள்.

இஸ்திரி மெஷின் பக்கம் நின்ற நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மேற்பார்வைக்காரி ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. மூட்டையைக் காலால் இவள் பக்கம் தள்ளிவிட்டாள். வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் மெஷினில் உட்கார்ந்துகொள்ளவும் சைகை காட்டினாள்.

வெட்டியதும் மூட்டியதும் அங்கே நடந்தது. மற்றதெல்லாம் வீட்டில், கைத்தையல். காதுக்கு உள்ளே இளஞ்சிவப்பு லைனிங் கொடுத்தாள். வயிற்றுப் பக்கம் பட்டன், ஒவ்வொன்றுக்கும் காஜா. வால்தான் பாடாய்ப் படுத்தியது. எங்கே வைத்தாலும் தொங்கிப்போனது. கடுகு ஒரு நிமிடம் நின்றால்தானே வைத்துப் பார்க்க முடியும்? வேலையிலிருந்து வந்த கணவர்தான் அகப்பட்டார்.

"கொஞ்சம் குனிங்க."

"நான் எதுக்கு?"

"வால் வைக்கணும்."

"கல்யாணமாகி பதினாலு வருஷத்துல இது ஒண்ணுதான் பாக்கி," என்று முனகிக்கொண்டே அவர் தரையில் கையை ஊன்றினார். கடுகு அவர் முதுகில் ஏறிக்கொண்டாள். வாலுக்குள் பஞ்சோடு ஒரு மெல்லிய கம்பியும் வைத்துப் பார்த்தபோது அது நிமிர்ந்து நின்றது. "இப்ப ஆட்டுங்க," என்றாள் தையலக்கா. ஆட்டினார். பெரியவளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது.

கடுகுக்கு நாடகத்தில் ஒரே ஒரு வசனம். அந்த மொழியில் அதை வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "வாங்க, போய்ப் பார்க்கலாம்" என்று அர்த்தமாம். பல் தேய்க்கும்போதும் சொன்னாள், செருப்பு மாட்டும்போதும் சொன்னாள்.

"ஆடு எதுக்குங்க பேசுது?" என்று ஒரு நாள் தையலக்கா கேட்டாள்.

"கிறிஸ்துமஸ் ஆடு. அன்னைக்கு ஒரு நாள் பேசும்," என்றார் கணவர். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

நாடகத்தன்று மதியம் இருவரும் அரை நாள் விடுப்புப் போட்டார்கள். கடுகுக்கு வீட்டிலேயே உடையை மாட்டி, மேலே கோட்டைப் போட்டு, வால் மடங்காமல் பஸ்ஸில் நிற்க வைத்தே கூட்டிப்போனார்கள். பெரியவளும் கூட வந்தாள். பள்ளி மண்டபத்தின் பின்னறையில் கோட்டைக் கழற்றியபோதுதான் தையலக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். தேவதைகள் இருந்தார்கள். ராஜாக்கள் இருந்தார்கள். நீள அங்கியும் தலையில் துண்டும் கையில் தடியுமாக மூன்று மேய்ப்பர்கள் இருந்தார்கள். ஆடு என்று பார்த்தால் கடுகு மட்டும்தான்.

டீச்சர் வந்தாள். கடுகைப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பெரியவளிடம் குனிந்து, மெல்ல, நிறுத்தி நிறுத்தி ஏதோ சொன்னாள். பெரியவளின் காது மடல் சிவந்தது.

"அம்மா, அது ஆடு இல்லம்மா." குரல் உள்ளே போயிருந்தது. "ஆடு மேய்க்கிறவங்க. ரெண்டு வார்த்தையும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும். கடைசியில ரெண்டு எழுத்துதான் கூட. நான் கவனிக்கல."

தையலக்காவுக்கு நாக்கு நுனிவரை கோபம் வந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு வரும் காகிதம் ஒவ்வொன்றையும் இவள் தலையில் கட்டிவிட்டு, நாமெல்லாம் நிம்மதியாக இருந்திருக்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. கோபம் வந்த வழியே இறங்கிவிட்டது.

"விடுடா கண்ணு. நான் தைச்சது ஆடு மாதிரி இருக்கா, இல்லையா?"

"இருக்கும்மா."

"அப்புறமென்ன?"

கணவர் கடுகின் முன்னால் மண்டியிட்டார். "ஏண்டி, நீ ஆடு இல்லன்னு உனக்குத் தெரியாதா? டீச்சர் சொல்லலையா?"

"சொன்னாங்க. தெரியும்," என்றாள் கடுகு.

"வீட்டுல வந்து ஏன் சொல்லல?"

"சொன்னா அம்மா வால் வைக்க மாட்டாங்கல்ல?"

மாற்று உடைக்கு நேரமில்லை. டீச்சர் ஒரு நிமிடம் யோசித்து, மேய்ப்பர்கள் மூவரையும் அழைத்து ஏதோ சொல்லிக் கொடுத்தாள். திரை விலகியது. மண்டபத்தின் ஆறாவது வரிசையில் தையலக்கா கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேவதை வந்து செய்தி சொல்லிவிட்டுப் போனது. மேய்ப்பர்கள் திகைத்து நின்றார்கள். அப்போது அவர்கள் நடுவிலிருந்து ஆடு எழுந்து முன்னால் வந்து, மண்டபம் அதிர, "வாங்க, போய்ப் பார்க்கலாம்!" என்றது. அதோடு விடவில்லை, எவரும் சொல்லிக்கொடுக்காத ஒரு "ம்மே"யையும் சேர்த்துக்கொண்டது. பிறகு வாலை ஆட்டியபடி நடந்தது. மேய்ப்பர்கள் அதன் பின்னால் ஓடினார்கள்.

மண்டபம் முழுவதும் சிரித்தது. தையலக்காவுக்கு முகம் சூடேறியது. என்ன சிரிப்பு இது? அந்நிய ஊரில் சிரிப்பின் அர்த்தமும் சட்டென்று புரிவதில்லை. கைதட்டலும் வந்தது. நிற்காமல் வந்தது. கணவர் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார். "பார்த்தியா? நம்ம ஆடு இல்லன்னா அவங்க போயிருக்கவே மாட்டாங்க," என்றார்.

நாடகம் முடிந்ததும் ஒரு பெண் இவர்களிடம் வந்தாள். மேய்ப்பர்களில் கண்ணாடி போட்டிருந்த பையனுக்கு அம்மா. கடுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, உடையின் ஓரத்தைத் திருப்பி உட்புறத் தையலைப் பார்த்தாள். விரலால் தடவியும் பார்த்தாள். அதைப் பார்த்ததும் தையலக்காவுக்கு மனசு குளிர்ந்தது. தையல் தெரிந்தவள்தான் உட்புறத்தைப் பார்ப்பாள்.

மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டு மணி அடித்தது. இந்த வீட்டுக்கு வந்து நான்கு மாதத்தில் மணியை அடித்த முதல் விருந்தாளி அந்தக் கண்ணாடிக்காரனின் அம்மாதான். டீச்சரிடம் விலாசம் கேட்டு வந்திருக்கிறாள். ஒரு கையில் துணிப்பை. மறு கையில் மூடி போட்ட தையல் மெஷின், மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றாள். கணவர் அவசரமாகப் பெட்டிகளை ஓரம் தள்ளி, இருந்ததில் நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அவள் பேசினாள். பெரியவள் கேட்டாள். மறுபடி கேட்டாள்.

"அம்மா, அவங்க சர்ச்சுல கிறிஸ்துமஸ் ஆராதனையில பிள்ளைங்கள வேஷம் போட்டு நிறுத்தப் போறாங்களாம். ரெண்டு ஆடு வேணுமாம். சேர்ந்து தைக்கலாமான்னு கேக்குறாங்க." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "இந்தத் தடவை நிஜமாவே ஆடுதாம்மா. மூணு வாட்டி கேட்டுட்டேன்."

தையலக்கா டீ போட்டாள். இரண்டு பெண்களும் மேசையில் துணியை விரித்தார்கள். அதன்பின் பெரியவளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. 'இங்கே தையல் விடு', 'இந்தக் கழுத்து இறுக்கம்', 'நூலை மாற்று' என்பதற்கெல்லாம் மொழியே தேவைப்படவில்லை. வந்தவளுக்குக் காது தைக்க வரவில்லை. தையலக்கா அதைப் பிடுங்கிப் பிரித்து மறுபடி தைத்தாள். வந்தவள் கோபித்துக்கொள்ளாமல், பிடி வளைந்த தன் கத்தரிக்கோலை நீட்டி, இதைப் பிடி, நன்றாக வெட்டும் என்று காட்டினாள். புதன்கிழமையும் வந்தாள். பூப்போட்ட துணி நான்கு கெஜம் கொண்டுவந்து, கடுகையும் பெரியவளையும் காட்டி, மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பிள்ளைகளின் புதுத்துணி அதில்தான் தயாரானது.

கிறிஸ்துமஸ் காலையில் நால்வரும் அந்தச் சர்ச்சுக்குப் போனார்கள். பாட்டுகள் புரியாத மொழியில் இருந்தாலும் ராகங்கள் பாதி தெரிந்தவைதான். கணவர் தமிழிலேயே பாடினார், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடுகோடு சேர்த்து மூன்று ஆடுகள் குடிலின் முன்னால் முட்டி போட்டன. அதில் ஒன்று மட்டும் வாயை மூடவில்லை. ஆராதனை முடிந்ததும் யார் யாரோ வந்து கைகுலுக்கினார்கள். கண்ணாடிக்காரனின் அம்மா தையலக்காவை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினாள். ஒவ்வொருவரிடமும் விரலில் ஊசி பிடிப்பது போலக் காட்டிக் காட்டிச் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் கடுகு ஆட்டு உடையோடு அப்பாவின் தோளில் தூங்கிவிட்டாள். பெரியவளும் அம்மாவின் மேல் சாய்ந்து கண்ணயர்ந்தாள். பாதி வழியில் கணவர் மெல்லக் கேட்டார்: "நம்ம ஸ்டாப் எப்ப வரும்? பெரியவள எழுப்பிக் கேக்கவா?"

"வேண்டாம், தூங்கட்டும்."

தையலக்கா பஸ்ஸின் முன்பக்கம், வரப்போகும் ஸ்டாப்புகளின் பெயர் ஓடும் எழுத்துப் பலகையைப் பார்த்தாள். முதல் எழுத்து தெரிந்தது. இரண்டாவதும் தெரிந்தது. உதட்டை அசைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டி, கடைசி எழுத்துவரை படித்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அடுத்ததுக்கு அடுத்தது," என்றாள்.