ரப்பர் பாலில் எழுதிய அரண்மனை

மலாயாவில் கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரே ஆசைதான். கத்தியைப் போட்டுவிட்டு, சுவருக்கும் பலகைக்கும் சாயம் பூசும் தோட்டத்துச் சாயக்காரனாகிவிட வேண்டும். "திருவிழா நாடகத்துக்கு அரண்மனைத் திரை எழுதுப்பா. துரை பாக்கட்டும். நல்லா இருந்தா உனக்காக நானே பேசுறேன்," என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி.

எண்ணெய்ச் சாயம் வாங்க வக்கில்லை. சாயப்பொடியை ரப்பர் பாலில் குழைத்தேன். பால் உறையாமலிருக்க ஆலையிலிருந்து கொஞ்சம் அமோனியா சேர்த்தேன், அதன் நெடியில் கண்ணீர் கொட்டியது. ஈரத்தில் வெளிறித் தெரியும் நிறம் காய்ந்தால் கறுத்துவிடுகிறது. முதல் நாள் பூசிய நீல வானம் மறுநாள் மழைக்கு இருட்டிக்கொண்டு நின்றது. சனியன்! அதன்மேல் மெல்லிசாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக மூன்று பூச்சு. தூரிகையை உடனே கழுவாததில் இரண்டு தூரிகைகள் ரப்பர் கட்டியாகிப் போயின.

காய்ந்த பிறகும் ரப்பரோடு ரப்பர் ஒட்டிக்கொள்ளும். அதனால் சுருட்டுமுன் அரண்மனை முழுக்க முகப்பவுடர் தூவினேன்.

"ஏங்க, தீவாளிக்கு வாங்குன டின்னுங்க அது!" என்று வீட்டுக்காரி கத்தினாள்.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. ஒரு பிடி அரிசி, மாவுகூடத் தோட்டத்து முள்வேலிக்கு வெளியே போகக்கூடாது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். நாடகமோ வேலிக்கு வெளியே, பக்கத்து டிவிஷன் மாரியம்மன் கோயிலில். இரவில் ஊரடங்கு என்பதால் பட்டப்பகலில். சுருட்டிய திரையைக் கிராணியிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அரைமணி நேரம்தான். திரும்பி வந்தபோது திரை லோரியில் ஏறியிருந்தது. வாயிலில் போலீஸ்காரர்கள் சோதனை போட்டு விட்டுவிட்டார்கள்.

கோயிலில் எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாலு பேர் பிடித்து இழுத்தும் திரை பிரியவில்லை. இன்னும் இழுத்தார்கள். அரண்மனை தோலாக உரிந்து வந்தது. துரை விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பவுடர் எங்கய்யா?" என்றேன் கிராணியிடம்.

"வெள்ளையாக் கொட்டுச்சுப்பா. மாவுன்னு சொல்லிப் புடிச்சிருவான் லா! ஈரத்துணியால சுத்தமாத் தொடச்சு மறுபடி சுருட்டிட்டேன். உன் நல்லதுக்குத்தான்," என்றார்.

என் நல்லதுக்காம்! அந்த ஆளை என்ன சொல்லித் திட்டுவது?

மறுவாரம் கிராணி ஒரு டின் எண்ணெய்ச் சாயம் நீட்டினார். துரை கொடுத்த வேலையாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலை ஒரே ஒரு பலகை, தோட்ட வாயிலில் மாட்ட: 'அரிசி, மாவு வெளியே கொண்டுபோகக் கூடாது.'

அதற்கு மறுநாளிலிருந்து பழையபடி கத்தியோடு கிளம்பி, நான் எழுதிய அந்தப் பலகைக்குக் கீழேதான் கையைத் தூக்கிக்கொண்டு சோதனைக்கு நின்றேன்.